கடின நீர்: டிடிஎஸ் மீட்டர் சொல்லாத கணக்கு

சென்னை வேளச்சேரியில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகைக்கு முன்பே கேட்கும் கேள்வி, "மெட்ரோ வாட்டரா, போரா?" போர் என்றால் பக்கெட்டில் வெள்ளைப் படிவம், நுரைக்காத சோப்பு, அடிக்கடி போகும் கீசர் காயில்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெளியே தெரியும் சார்னோக்கைட் பாறை இந்தப் பக்கமும் மண்ணுக்கடியில் உண்டு. இறங்கும் மழைநீர், மண்ணிலுள்ள கரியமில வாயுவால் லேசாகப் புளித்து, பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியம், மக்னீசியத்தைக் கரைத்துக்கொள்கிறது. கீசரில் சூடானதும் கரைந்திருந்த பைகார்பனேட் பிரிந்து, கால்சியம் கார்பனேட்டாகக் காயிலில் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான்.

பலர் டிடிஎஸ் மீட்டரை நீரில் வைத்துப் பார்த்துவிட்டு சாஃப்ட்னர் வாங்குகிறார்கள். டிடிஎஸ் காட்டுவது கரைந்த உப்புகள் அனைத்தையும். கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும், அதில் ஒரு பகுதி மட்டுமே. கடினத்தன்மையை அளக்கத் தனி கிட் உண்டு. நீரில் சாயம் கலந்ததும் ஒயின் சிவப்பாகும். கிட்டிலுள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நீலமாக மாறும். சொட்டுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லையென்றால் 600 வரை.

சாஃப்ட்னருக்குள் இருப்பவை மிகச் சிறிய ரெசின் மணிகள். அவை ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனிகளை விடுகின்றன. மணிகளில் இடம் நிரம்பியதும் அடர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தினால் கால்சியம் கழன்று வெளியேறும். ஆக, சாஃப்ட்னர் உப்புக் கரிப்பைப் போக்காது, டிடிஎஸ்ஸும் குறையாது. குடிக்க ஆர்ஓ வேண்டும். குளிக்க, துவைக்க சாஃப்ட்னர் போதும். கழிவு உப்புநீரைச் செடிக்கோ மழைநீர்க் கிணற்றுக்கோ விடக் கூடாது. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகள் கால்சியத்தை நீரிலிருந்து எடுப்பதில்லை.

படிந்துவிட்ட ஷவர் தலையை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் குமிழிவிட்டுக் கரையும். மார்பிள் தரையில் மட்டும் படவிடாதீர்கள். அதுவும் கால்சியம் கார்பனேட்தான், அரித்துவிடும்.

எந்தக் கருவியும் வேண்டாத மென்னீர் மழைநீர். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். சென்னையின் சராசரி மழைக்கு, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடியையும் குழாயையும் சுத்தம் செய்து, முதல் மழையை வெளியே விட்டு, மற்றதை வடிகட்டிச் சம்ப்புக்குத் திருப்புங்கள். சம்ப் நிரம்பினால் மீதி நிலத்துக்குப் போகட்டும். போரும் மெல்ல இளகும்.