பதினெட்டுப் புள்ளி, எட்டு வரிசை

ஈயம் உருகும் மேசை – 9

இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஆர்டுயினோ பலகை பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை வாங்குகிற யாரும் முதலில் செய்து பார்ப்பது ஒரு எல்.இ.டி.யைக் கண் சிமிட்ட வைப்பதுதான். நான் படித்த காலத்தில் ஆர்டுயினோ கிடையாது. இரண்டு பி.சி.547 டிரான்சிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், நாலைந்து ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்தபோது விடிந்துவிட்டது. இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னின. பால் வாங்க எழுந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, ராத்திரி பூரா கண்ணு முழிச்சது இதுக்குத்தானா?”

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2001இல் பெர்லினில் சிலர் ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

பழைய கிழக்கு பெர்லினின் நடுநாயகமான இடம் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கம். அதன் ஓரத்தில் ‘ஹவுஸ் டெஸ் லேரர்ஸ்’ நிற்கிறது. ஆசிரியர் இல்லம் என்று பொருள். ஹெர்மன் ஹென்செல்மன் வடிவமைத்து 1964இல் கட்டி முடித்த 12 மாடிக் கட்டடம். அதன் இடுப்பில் ஒட்டியாணம் போல ஒரு சுவர்ச்சித்திரம் சுற்றி வருகிறது. வால்டர் வோமாக்கா என்ற ஓவியர் செய்தது. 7 மீட்டர் உயரம், 125 மீட்டர் நீளம், சுமார் 8 லட்சம் துண்டுகள் பதித்த மொசைக். சோஷலிச நாட்டின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அதாவது எப்படி வாழ்வதாக அரசு காட்ட விரும்பியது என்பதைச் சொல்லும் படம். ஜெர்மனி இணைந்து பத்தாண்டு கடந்து, புதுப்பிக்கும் வேலைக்காகக் கட்டடம் காலியாகக் கிடந்தது.

காலிக் கட்டடத்தின் மேல் கண் வைத்தவர்கள் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள். 1981 செப்டம்பர் 12 அன்று பெர்லினில் ஒரு நாளிதழ் அலுவலக அறையில் கூடித் தொடங்கிய அமைப்பு இது. 1984இல் ஜெர்மன் தபால் துறையின் பி.டி.எக்ஸ். கணினிச் சேவையில் ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க, ஹாம்பர்க் வங்கி ஒன்றின் கணக்கிலிருந்து ஒரே ராத்திரியில் சுமார் 1,35,000 மார்க்கைத் தங்கள் கணக்குக்கு வரச் செய்து, மறுநாளே ஊரறியத் திருப்பிக் கொடுத்தவர்கள். வம்புக்காரர்கள்தான், ஆனால் நாணயமான வம்பு. கிளப்பின் இருபதாவது பிறந்தநாள் நெருங்கியது. கேக் வெட்டினால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

அவர்கள் செய்ததைத் தமிழில் சொல்வது சுலபம். மார்கழி வாசலில் உட்கார்ந்த யாருக்கும் புரியும்: பதினெட்டுப் புள்ளி, எட்டு வரிசை. மேல் எட்டு மாடிகள், மாடிக்கு 18 ஜன்னல், ஆக 144. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் கட்டுமான இடங்களில் வைப்பார்களே, அந்த மாதிரி 150 வாட் ஃபோகஸ் விளக்கு ஒன்று. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக ஒயர், தனித்தனி ரிலே. எல்லாம் போய்ச் சேருவது ஒரு கணினியில். கணினி சொன்னால் ரிலே மூடும், விளக்கு எரியும். விலை உயர்ந்த பொருள் என்று இதில் எதுவும் இல்லை. எலெக்ட்ரீஷியன் கடைச் சாமான்கள்தான், எண்ணிக்கைதான் அதிகம். 144 விளக்கும் ஒன்றாக எரிந்தால் 21.6 கிலோவாட். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 90 ஆம்பியருக்கு மேல். நம் வீட்டு மெயின் ஸ்விட்ச் என்றால் அப்போதே தட்டிவிட்டிருக்கும்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி மின்சாரம் சம்பந்தப்பட்டதே அல்ல. கண்ணாடி வழியே வெறும் விளக்கைப் பார்த்தால் நடுவில் கண்ணைக் குத்தும் ஒரு பொட்டு தெரியும், ஜன்னல் தெரியாது. புள்ளி புள்ளியாகவே நிற்கும், படம் சேராது. அதனால் 144 ஜன்னல்களுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். ஒளி அதில் பரவி முழுச் சதுரமும் ஒளிர்ந்தது. எத்தனை புரோகிராம் எழுதியும் தீராத ஒன்றை ஒரு வாளி பெயின்ட் தீர்த்துவைத்தது.

1981இல் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாவ் ஹாலண்ட் இதைப் பார்க்கவில்லை. 2001 ஜூலை கடைசியில் இறந்துபோனார். செப்டம்பர் 12 பிறந்தநாளை ஒட்டி விளக்குகள் எரியத் தொடங்கின. தேதியைக் கவனியுங்கள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததற்கு மறுநாள். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஒரே கட்டடக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், பெர்லினில் வேறொரு கட்டடம் கண் சிமிட்டியது.

144 புள்ளியில் என்ன பெரிதாகக் காட்டிவிட முடியும்? ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும், இரண்டே நிலை. ஆனால் கணக்குப் போட்டால் 2ஐ 144 முறை பெருக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு 44 இலக்கம். படத்துக்கான கோப்பையும் பரம ஏழையின் கணினியிலும் எழுதும்படி வைத்தார்கள். சாதாரண எழுத்துக் கோப்பு. வரிக்கு 18 எண், எட்டு வரி. எரிய வேண்டிய இடத்தில் 1, அணைய வேண்டிய இடத்தில் 0. அதற்கு மேலே இந்தப் படம் எத்தனை மில்லிசெகண்ட் நிற்க வேண்டும் என்று ஒரு வரி. அடுத்த படம், அதற்கடுத்த படம். கையால் எழுத அலுப்பவர்களுக்கு, கட்டங்களை மவுஸால் தட்டி வரையும் மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

கோலம் போடத் தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? படங்கள் குவிந்தன. காதல் கடிதத்துக்குத் தனி ஏற்பாடு: வீட்டில் வரைந்து மின்னஞ்சலில் அனுப்பினால் ஓர் எண் கிடைக்கும். வேண்டியவரைச் சதுக்கத்துக்கு அழைத்துப்போய், செல்பேசியில் குறிப்பிட்ட நம்பரைக் கூப்பிட்டு அந்த எண்ணை அழுத்த வேண்டும். எட்டு மாடி உயரத்துக்குக் கட்டடம் உங்கள் இதயத்தைக் காட்டும். சுற்றி நிற்பவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது. தெரிய வேண்டிய ஒருவருக்குத் தெரியும்.

பாங் விளையாட்டும் உண்டு. அட்டாரி 1972இல் கொண்டுவந்த பழைய வீடியோ கேம். இரு மட்டை, ஒரு பந்து. இங்கே பந்து என்பது ஒரு ஜன்னல். போன் போட்டால் கட்டடம் எதிராளியாக ஆடும். இன்னொருவரும் கூப்பிட்டால் இருவரும் மோதலாம். குளிரில் நடுங்கிக்கொண்டே கையில் போனோடு அண்ணாந்து பார்த்து ஆடினார்கள். பெர்லினில் டிசம்பர் என்றால் மாலை நாலு மணிக்கே சூரியன் போய்விடும். மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த இருட்டு இவர்களுக்கு வசதியாகிவிட்டது.

திட்டத்துக்கு ‘பிளிங்கன்லைட்ஸ்’ என்று பெயர். ஜெர்மன் போலத் தெரியும் இது ஜெர்மன் அல்ல. 1950களிலிருந்தே அமெரிக்கக் கணினி அறைகளில் ஒரு கேலி அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். ஜெர்மன் ஒலிக்கிற அரைகுறை ஆங்கிலத்தில், எதையும் தொடாதே, கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள், மின்னும் விளக்கை வேடிக்கை பார் என்று சொல்லும். தங்களைக் கிண்டலடித்த சொல்லை ஜெர்மன்காரர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். அறிவிப்பை அப்படியே தலைகீழாக்கியும்விட்டார்கள்: இங்கே பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தால்தான் விளக்கு அசையும். கீழே 8 லட்சம் துண்டுகளில் அரசு பதித்த படம், யாரும் ஒரு கல்லைக்கூட மாற்ற முடியாதது. மேலே 144 புள்ளியில் போகிறவர் வருகிறவரெல்லாம் போடுகிற படம். இரண்டையும் ஒரே சுவரில் வைத்துப் பார்த்த பெர்லின்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2002 பிப்ரவரி 23 அன்று விளக்குகள் அணைந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் தேசிய நூலகத்தின் கோபுரம் ஒன்றில் 520 ஜன்னல்களோடு மறுபடி வந்தது, ஒளியில் எட்டு அளவு ஏற்ற இறக்கத்துடன். 2008இல் டொரன்டோ நகர மன்றத்தின் வளைந்த இரு கோபுரங்களிலும் சேர்த்து 960 ஜன்னல்கள். அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் ஒயர் இழுக்காமல் கம்பியில்லாக் கட்டுப்பாடு. நுட்பம் கூடியது, அழகும் கூடியது. ஆனாலும் என் ஓட்டு பெர்லினுக்குத்தான். புள்ளி குறையக் குறையப் பார்ப்பவர் கண் அதிகம் வேலை செய்கிறது. இன்று எல்லா நகரங்களிலும் கட்டடமே திரையாக லட்சக்கணக்கான எல்.இ.டி. மின்னுகிறது, அதில் ஒரு புள்ளியை ஏற்றி அணைக்க நமக்கு இடம் இல்லை. பற்பசை விளம்பரத்துக்கு இருக்கிறது.

அன்று வந்த படங்கள் எழுத்துக் கோப்புகள் என்பதால் பழுதாகாமல் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டுவதற்காகவே உலகெங்கும் பலர் 144 எல்.இ.டி. வைத்துச் சின்னக் கட்டடங்கள் செய்தார்கள். என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்தேன். ஆறாவது வரிசையில் ஒன்று எரியவில்லை. யாரோ பெயர் தெரியாதவர் வரைந்த குட்டி மனிதன் இடமிருந்து வலம் நடந்துபோகும்போது, அந்த இடத்தில் மட்டும் ஒரு கால் காணாமல் போய் அடுத்த கட்டத்தில் திரும்ப முளைக்கிறது. பழுது பார்க்கலாம். அம்மா வந்து பார்த்தார். “விடுடா, நொண்டி நொண்டிப் போறது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

(அடுத்த வாரம்: ஒரு காந்தம், ஒரு பட்டன் பேட்டரி, ஒரு எல்.இ.டி. – நியூயார்க்கின் இரும்புச் சுவர்களில் எறிந்த விளக்குகள்)