89-ஆம் இடத்தில் நாம் யார்?

2004-இல் மலாயாப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் 89-ஆம் இடம் பிடித்தது. லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழ் வெளியிட்ட முதல் பட்டியல் அது. கொண்டாட்டத்துக்குக் குறைவே இல்லை. அடுத்த ஆண்டே 169. பேராசிரியர்கள் யாரும் ஓடிப்போய்விடவில்லை. முந்தைய கணக்கில் மலேசிய இந்தியர்களையும் சீனர்களையும் வெளிநாட்டவர் என்று சேர்த்துவிட்டார்கள். சரிவுக்கு முக்கியக் காரணம் அதைத் திருத்தியதுதான். வெளிநாட்டு மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் தலா 5 விழுக்காடு புள்ளி உண்டே! தெனாமாரம் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, நீல அடையாள அட்டையோடு போன பிள்ளையும் அந்தக் கணக்கில் அந்நியர்.

கியூஎஸ் உலகத் தரவரிசையின் 2025 பட்டியலில் அதே பல்கலைக்கழகம் 60-ஆம் இடத்தில் இருந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பதியப் போகிறவருக்கு இந்த எண் என்ன சொல்கிறது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில், முடித்தபின் எங்கே வேலை? ஒன்றும் சொல்லாது. மலேசிய அரசின் மைபிரெயின்15 திட்டம் 2023-க்குள் 60,000 முனைவர்கள் என்று இலக்கு வைத்தபோதும் பேச்சு தலைக்கணக்கைப் பற்றித்தான் இருந்தது.

ஒற்றை எண்ணில் அடைக்காத முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2010-இல் 212 பல்கலைக்கழகங்களின் 5,000-க்கும் மேற்பட்ட முனைவர் படிப்புகளைத் துறைவாரியாக மதிப்பிட்டது. ஒரு துறைக்கு ஓர் இடம் என்று சொல்லாமல், இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்குள் என்று வரம்பு மட்டும் கொடுத்தது. பலர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. என்ன, தகவல் திரட்டி நாலைந்து ஆண்டு கழித்து வந்ததால், வெளியானபோதே பழசாகியிருந்தது.

நம் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வருவோம். ஊர்ப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. பேச்சில் பழைய பெயர்தான். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் யுனிசெல் வளாகம். சிலாங்கூர் மாநில அரசின் பல்கலைக்கழகம். அங்கும் முனைவர் படிப்பு உண்டு. உலகப் பட்டியலின் உச்சியில் இல்லையே என்று ஒதுக்குவதும் தவறு, வீட்டுக்குப் பக்கம் என்று சேர்வதும் தவறு. எங்கே சேர்ந்தாலும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். சூப்பர்வைசர் எப்போது ஓய்வு பெறுகிறார், அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள், எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை மாதத்தில் திருப்பித் தருகிறார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வை முடித்த சீனியர் ஒருவரைப் பிடித்து, தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.