பாயிண்ட் 22 ரைபிளுக்கு எந்தச் சாமான் அவசியம்? எது தண்டச் செலவு?

டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒலிம்பிக் மெடல் வாங்கினார்!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி. இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலப் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். கோலாப்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துப் பிள்ளை. மத்திய ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்.

அதற்கு முந்திய வருஷம், 2023-ல், சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. அதே வகைப் பெண்கள் போட்டியில் பஞ்சாபைச் சேர்ந்த சிப்ட் கவுர் சம்ரா 469.6 புள்ளிகள் குவித்துத் தங்கம் வென்றார். அன்றைக்கு அது உலக சாதனை! இந்த விளையாட்டுக்காக டாக்டர் படிப்பையே விட்டுவிட்டு வந்த பெண் அவர்.

இப்படி நாலு செய்தி வந்தால் போதும். "என்னையும் ரைபிள் கிளப்பில் சேர்த்து விடுப்பா" என்று வீட்டில் பிள்ளை நச்சரிக்க ஆரம்பித்துவிடும். கிளப்பில் சேர்த்த பிறகுதான் தகப்பனாருக்குத் தலைவலி ஆரம்பம்.

"கோட்டு வாங்கணும்... சைட் மாத்தணும்... பேரலை மாத்தினா இன்னும் நல்லா சுடலாமாம்..."

ஜாபிதா நீளும். பி.எப். லோன் வரைக்கும் போகும். எதை வாங்குவது? எதை ஒதுக்குவது?

சட்டைப் பொத்தான்தான் குறி!

முதலில் விளையாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் பாயிண்ட் 22 பழைய சிநேகிதன். தரையில் குப்புறப் படுத்து அஞ்சு ரவுண்டு சுட்ட ஞாபகம் இருக்கும். அதே தோட்டாதான் ஒலிம்பிக்கிலும்!

தூரம் 50 மீட்டர். மின்சார ரெயிலில் இரண்டு பெட்டி நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதல். அங்கே இருக்கிற இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டர். அதாவது ஒரு சட்டைப் பொத்தான்! மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலையிலும் அதைச் சுட வேண்டும்.

ரைபிளின் நுனி ஒரு தலைமுடி கனம் விலகினால் போதும். அங்கே குண்டு சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். ஆக, எந்தச் சாமானை வாங்குவதானாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். "இது அந்தத் தலைமுடி ஆட்டத்தைக் குறைக்குமா?" குறைக்காது என்றால் வாங்காதீர்கள். பளபளப்புக்குப் புள்ளி கிடையாது.

உஷார்! பாகமும் ஆயுதம்தான்

அமெரிக்காவில் ரூகர் கம்பெனியின் 10/22 என்று ஒரு பாயிண்ட் 22 ரைபிள். 1964-ல் வந்தது. அதற்குக் கட்டை, குழல், விசை என்று தனித்தனியாக எத்தனையோ கம்பெனிகள் செய்து விற்கின்றன. வாங்கி வந்து வீட்டு மேஜையிலேயே மாற்றிக்கொள்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே உள்ள பையன்கள் ஆசைப்படுகிறார்கள்.

நம் ஊர் சட்டம் வேறே! 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் வருகின்றன. குழலை வரவழைத்துவிட்டு "வெறும் இரும்புக் குழாய்தானே சார்" என்று போலீசிடம் சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவது குற்றம். சத்தத்தை அடக்கும் குழாய் தடை செய்யப்பட்ட இனம். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது!

அதே சட்டத்தில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு இருக்கிறது. 2019-ல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறி பார்த்துப் பழகுவதற்கு வைத்திருக்கும் பாயிண்ட் 22 ரைபிளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. லைசென்ஸ் மட்டும் கட்டாயம் வேண்டும்.

அதனால் எடுத்த எடுப்பிலேயே சொந்த ரைபிளுக்கு அலைய வேண்டாம். கிளப் ரைபிளில் பழகட்டும். அதற்கும் முன்னால் 10 மீட்டர் ஏர் ரைபிளில் பழகினால் இன்னும் நல்லது. 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு 2016-ம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை.

காசில்லாத வைத்தியம்

இனி சாமானுக்கு வருவோம். முதல் சீர்திருத்தத்துக்குக் காலணா செலவில்லை! போட்டி ரைபிள்களில் தோளில் பதியும் தகட்டையும், கன்னம் வைக்கும் பலகையையும் மேலே கீழே, முன்னே பின்னே நகர்த்தலாம். மற்றவனுக்குத் தைத்த சட்டை மாதிரி, மற்றவன் அளவுக்கு வைத்த ரைபிள் நமக்கு உதவாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தோட்டா இல்லாத ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கன்னத்தைச் சுகமாகச் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். சைட் ஓட்டை நேராகக் கண்ணுக்கு எதிரில் நின்றால் சரி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் பலகையை நகர்த்த வேண்டும். அளவு சரியானதும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

தோட்டாவிலும் ராசி உண்டு!

பணம் போட வேண்டிய முதல் இடம் எது? தோட்டா!

பாயிண்ட் 22 தோட்டாவில் மருந்துப் பொறி அடிப்பக்க விளிம்புக்குள்ளே சுற்றிலும் இருக்கும். ஊசி அந்த விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். பெரிய ரைபிள்காரர்கள் காலிக் கூட்டில் தாங்களே மருந்து அளந்து போட்டுக்கொள்வது உண்டு. இதில் அது நடக்காது. பேக்டரி என்ன செய்து அனுப்புகிறதோ, அதுதான் கதி.

இங்கேதான் வேடிக்கை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் தயாரித்த தொகுதி மாறினால் அதே ரைபிளில் குண்டு விழுகிற விதமும் மாறும்! ஒரு தொகுதி ஒரே ஓட்டையாகக் குவியும். இன்னொன்று சிதறும். பக்கத்து ரைபிளில் இதுவே தலைகீழாக இருக்கும்.

பெரிய வீரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஈலி, லாப்புவா போன்ற கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே ரைபிளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரைபிளை இடுக்கியில் இறுக்கி, தொகுதி தொகுதியாகச் சுட்டு, ராசியான தொகுதியை மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிளப்பில் நாலைந்து தொகுதியில் ஒவ்வொரு பெட்டி கேட்டுப் பார்க்கலாம். மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்து, பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைக் கூட்டத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். வேறு தோட்டாவுக்கு மாறினால் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய மெழுகு போய்ப் புது மெழுகு குழலில் படியட்டும்.

"வேகமான தோட்டா வாங்கினால் நல்லதுதானே?" என்று கேட்காதீர்கள். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, விநாடிக்குச் சுமார் 330 மீட்டரில் போகின்றன. ஒலி வேகத்தைத் தாண்டிய குண்டு வழியிலே வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது உலுக்கப்படும். குறி கெடும்.

ரைபிளில் டெலஸ்கோப்பா? கூடாது!

சினிமாவில் வருவதுபோல ரைபிள் மேலே டெலஸ்கோப் மாட்ட ஒலிம்பிக் பாணிப் போட்டிகளில் அனுமதி இல்லை. பின்னால் ஒரு சின்ன ஓட்டை. முன்னால் ஒரு வளையம். அவ்வளவுதான். வளையத்துக்கு நடுவிலே இலக்கின் கறுப்பு வட்டம் நிற்க வேண்டும்.

சைட் மொத்தத்தையும் மாற்றுவதற்கு முன்னால் முன் வளையத்தை மாற்றிப் பாருங்கள். புதுசாகச் சுடுகிறவர்கள் கறுப்பை இறுக்கிப் பிடிக்கிற சின்ன வளையத்தைத்தான் கேட்பார்கள். தப்பு! இறுக்கம் கூடினால் கண் களைத்துவிடும். வட்டம் விலகியிருப்பதும் தெரியாது. சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை தெரிகிற வளையமே நல்லது.

இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு சுடவும் வேண்டாம். 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு மறைப்பு அட்டை வைக்க விதியில் இடம் உண்டு. வீட்டிலேயே கத்தரித்துக்கொள்ளலாம். செலவு பூஜ்யம்!

தையல்காரர் போதும்

படுத்துச் சுடவும், மண்டியிட்டுச் சுடவும் மேல் கையில் மாட்டுகிற வார் வேண்டும். நின்று சுடும்போது வார் கூடாது. நல்ல வாருக்கு யோசிக்காமல் பணம் போடலாம். ரைபிளைத் தாங்குவது சதையாக இருந்தால் நடுங்கும். வாராக இருந்தால் நடுங்காது. குறி பார்க்கும்போது சைட் 'டிக் டிக்' என்று துள்ளுகிறதா? கையில் ஓடுகிற நாடித் துடிப்பு வாரில் ஏறுகிறது என்று அர்த்தம். வாரை மேலே தள்ளிக் கட்டினால் அடங்கும்.

மண்டியிடும்போது கணுக்காலுக்குக் கீழே ஒரு உருளைத் திண்டு. நீளம் 25 சென்டிமீட்டர், விட்டம் 18 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தெருமுனைத் தையல்காரரிடம் சொன்னால் தைத்துக் கொடுப்பார். இதற்கு வெளிநாட்டு முத்திரை எதற்கு?

காதுக் கவசத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பாயிண்ட் 22 தானே என்று அலட்சியம் செய்தால் செவி கெடும். கெட்ட செவி திரும்பாது.

கோட்டு அளவெடுப்பார்கள், ஜாக்கிரதை!

கெட்டித் துணிக் கோட்டு முதுகைத் தாங்கும். நின்று சுடும்போது அதன் அருமை தெரியும். வளர்கிற பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் பத்தாமல் போகும் என்பதால் முதலில் பழசு வாங்குவதே புத்திசாலித்தனம்.

வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். கோட்டின் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கையுறை 12 மில்லிமீட்டர் வரை போகலாம். போட்டியில் கருவி வைத்து அளப்பார்கள். சுட்டு முடித்த பிறகும் சோதனை உண்டு. அதில் தவறினால் எடுத்த புள்ளி எல்லாம் அம்போ!

ரைபிளின் எடையும் அப்படித்தான். சகல சாமானோடும் சேர்த்து 8 கிலோதான் உச்சம். கனம் கூடினால் ஆட்டம் குறையும் என்பது வாஸ்தவம். ஆனால் அதைத் தூக்கி நிற்கத் தோளில் சக்தி வேண்டாமா? பதினைந்து வயசுப் பையனுக்கு 8 கிலோ கட்டிவிட்டால் முதுகுவலிக்குத் தைலம் வாங்கவே காசு சரியாகப் போகும்.

எது தண்டம்?

புதுக் குழல் வேண்டாம். பாயிண்ட் 22-ல் சுடுவது மெத்தென்ற ஈயக் குண்டு. 2.6 கிராம் எடை. குழல் லேசில் தேயாது. பல ஆயிரம் ரவுண்டு சுட்ட பழைய ஜெர்மன் ரைபிள்கள் இன்றைக்கும் ஒழுங்காகச் சுடுகின்றன.

விசையை லேசாக்குகிறேன் என்று வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவே கூடாது. அளவு தப்பினால் ரைபிளைக் கீழே தட்டி வைத்தாலே வெடிக்கும். உயிர் சமாசாரம். அது ஆர்மரர் வேலை.

குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் சாதனம் மாட்டினால் போட்டியில் ஏற்க மாட்டார்கள். அதுவும் தண்டமே.

வியர்வைதான் எமன்

மெட்ராஸ் புழுக்கத்தில் ரைபிளுக்குப் பெரிய சத்துரு வியர்வை! சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். மழைக் காலத்தில் ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் நாள்கணக்கில் பூட்டி வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறும். குழலைத் தோட்டா போடுகிற பக்கத்திலிருந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். நுனிப் பக்கமாகக் கம்பியைக் குத்தினால் வாய் தேய்ந்து குறி போகும்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது நல்ல பயிற்சி. ஆனால் பழைய ரைபிளில் வெறுமனே தட்டினால் ஊசி போய்க் குழல் விளிம்பில் மோதிப் பள்ளம் போட்டுவிடும். உள்ளே காலிக் கூடு ஒன்றைப் போட்டுக்கொண்டு பழக வேண்டும். பழகுவதற்கு முன்னால் நிஜத் தோட்டா எல்லாம் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால் வரிசை இதுதான். முதலில் உடம்புக்கேற்ற அளவு. அடுத்துக் காதுக் கவசம். பிறகு வார், கையுறை, திண்டு. அப்புறம் ராசியான தோட்டா. முன் வளையம். கோட்டு. மற்றதெல்லாம் பிள்ளை தொடர்ந்து இரண்டு வருஷம் கிளப்புக்குப் போன பிறகு!

இன்னும் ஒரு கணக்கு. மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் நிலைக்கு 20 வீதம் 60 குண்டு. பயிற்சியில் நாளுக்கு 100 சுட்டால் இரண்டு பெட்டி காலி. புதுக் குழலுக்கு வைத்திருக்கிற பணத்தைத் தோட்டாவில் போட்டால் எத்தனை நாள் பயிற்சி என்று தகப்பனார்கள் வகுத்துப் பார்க்கட்டும். சட்டைப் பொத்தானை அடிப்பது அந்தப் பயிற்சிதான்!