நான்கில் ஒன்றைத் தொட்டால் ஆங்கிலம் வருமா?

இலக்கணக் கேள்விக்கு விடை தெரிகிறது. சொந்தமாக ஒரு கடிதம் எழுதச் சொன்னால் கை தயங்குகிறது

வட தில்லியின் முகர்ஜி நகர், போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களுக்குப் பேர்போன இடம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் அரசு வேலைக் கனவோடு வரும் இளைஞர்களில் பலரை மிரட்டுவது கணக்கோ வரலாறோ அல்ல, ஆங்கிலம்தான். அதற்கு அவர்கள் நம்பும் மருந்து இலக்கணப் புத்தகம். பி.சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் 1930களில் எழுதி, பின்னாளில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய நூல் இன்றும் தலைமாட்டில் இருக்கிறது.

தேர்வும் இந்த நம்பிக்கையை வளர்க்கிறது. ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷனின் பட்டதாரிகள் தேர்வில், முதல் கட்டத்தின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வு அப்படியல்ல. 300 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் கட்டுரை, சுருக்கி வரைதல் என்று சொந்தமாக எழுதியாக வேண்டும். 25 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்கள் கணக்கிலேயே வராது.

2014இல் இந்தத் தெருக்கள் கொதித்தன. முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள் இந்தி வழியில் படித்தவர்களுக்குப் பாதகம் என்று போராட்டம் வெடித்தது. அதிலிருந்த ஆங்கிலக் கேள்விகளின் மதிப்பெண்கள் சேர்க்கப்படமாட்டா என்று ஆகஸ்டில் மத்திய அரசு இறங்கிவந்தது. கேள்வி போயிற்று, பயம் போகவில்லை.

சறுக்கல் எங்கே? 'ஸின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் மாணவர் சரியாகச் சொல்லிவிடுகிறார். அவரே எழுதும்போது 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஸின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வருகிறது. இது மந்தபுத்தி அல்ல, தாய்மொழியின் வேலை. 'திங்கள்கிழமையிலிருந்து', 'ஐந்து வருஷமாக' இரண்டுக்கும் இந்தியில் ஒரே 'ஸே'தான். வினைச்சொல்லும் நிகழ்காலத்தில் நிற்கும். 'ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன்' என்னும் தமிழரும் அதே குழியில்தான் விழுகிறார். 'ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பது நான்கு விடைகளில் ஒன்றாக இருக்கும்வரை அந்தக் குழி கண்ணில் படுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பலரும் எழுதிப் பழகியது ஒரே ஒரு கடிதம்: காய்ச்சல் லீவு லெட்டர். அக்கா கல்யாணத்துக்குப் போகிற பையனும் காய்ச்சல் என்றே எழுதுவான். மனப்பாடமானது அதுதான்.

வழி எளிது, ஆனால் தினசரி செய்ய வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரருக்கு, பாஸ்புக் தொலைந்தது என்று வங்கிக்கு, ஊரிலிருக்கும் நண்பனுக்கு என்று அன்றாட விஷயத்தைப் பத்து வரி எழுதலாம். மறுநாள் அதையே படித்து, ஒரு வகைப் பிழையை மட்டும் தேடலாம். இன்று காலம், நாளை 'எ', 'தி'. இலக்கண நூலைத் திறக்க வேண்டிய நேரம் அப்போதுதான். தன் வாக்கியத்தில் தானே பிடித்த பிழை எளிதில் மறக்காது. சிரிப்பார்களே என்ற கூச்சத்துக்கும் அந்த நோட்டில் இடமில்லை. பார்க்கப் போவது எழுதியவர் மட்டுமே.

அக்காவுக்குக் கல்யாணம் என்பதை அப்படியே எழுதத் தெரிந்துவிட்டால், காய்ச்சலுக்கு அவசியமில்லை.