கள்ளிக்குத் தண்ணீரே எமன்
ஆயர் குரோவில் சாடியில் வளர்க்கும் சிறு கள்ளிச்செடி பெரும்பாலும் தாகத்தால் மடிவதில்லை. பாசத்தோடு தினமும் ஊற்றும் தண்ணீரால்தான் அழுகிப் போகிறது.

சிவப்பு, மஞ்சள் உருண்டையுடன் விற்கப்படும் நிலவுக் கள்ளி உண்மையில் இரண்டு செடிகள். மேலுள்ள உருண்டையில் பச்சையம் இல்லை. தனக்கான உணவை அதனால் தயாரிக்க முடியாது. கீழேயுள்ள பச்சைத் தண்டே அதற்குச் சோறூட்டுகிறது. அத்தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியினத்தைச் சேர்ந்தது. தண்டு அழுகினால் உருண்டையும் பிழைக்காது.

அடியில் துளையுள்ள சாடியில், மண்ணும் பருமணலும் சரிபாதி கலந்து நடுங்கள். காலை வெயில் போதும். அடைமழையில் நனையாமல் கூரையடியில் வையுங்கள். மண் அடிவரை காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள்.

தண்டின் அடி பழுப்பேறிக் குழைந்தால் தாமதிக்க வேண்டாம். உருண்டை கெடாமல் இருந்தால், அதை அறுத்துப் புதிய டிராகன் தண்டில் ஒட்டுங்கள், மறுவாழ்வு கிடைக்கும்.