விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. மெய்தான், ஆனால் யார் கண்ணுக்குத் தெரியும்? வயல் முழுவதையும் சுற்றிப் பார்க்கிறவனுக்கு அல்லவா தெரியும்? வரப்போரத்தில் நின்று, எதிரே செழித்திருக்கும் நாலு முளைகளை மாத்திரம் பார்த்துத் திரும்புகிறவன் மற்றவற்றைப் பற்றி என்ன அறிவான்? பள்ளிக்கூடங்களில் கூரிய புத்தியுள்ள பிள்ளைகளை இனங்காணும் காரியம் வரப்போரத்தோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது.

தென்னாட்டுச் சரித்திரத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே வருஷத்துக்குள் பிறந்தவர்கள். இருவரும் எளிய குடும்பத்தவர்கள். 1888 செப்டம்பரில் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், நம் வாலாஜாபேட்டையிலும் பின்னர் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படித்தார். உபகாரச் சம்பளம் அவரைப் படிப்படியாகத் தூக்கிச் சென்று சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்த்தது. 1962-ல் அவர் பாரத நாட்டின் ராஷ்டிரபதியானார்.

மற்றவர், 1887 டிசம்பரில் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். அவருடைய திறமையை யாரும் காணவில்லை என்று சொல்ல முடியாது. 1904-ல் அவர் படித்த டவுன் ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியரே கணிதப் பரிசை அளித்து அவரை வெகுவாகப் பாராட்டினார். கல்லூரியில் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் கணிதத்திலேயே மூழ்கிய அவர் மற்றப் பாடங்களில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. பிறகு சென்னையிலும் எப். ஏ. பரீட்சையில் தவறினார். 1912-ல் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவானார். 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித நிபுணர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவருக்குக் கதவைத் திறந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. 1920-ல், முப்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார்.

ஒரே சல்லடை, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரைக் கீழே தள்ளிவிட்டது. ஆகவே நம்முன் இரண்டு காரியங்கள் உள்ளன. திறமையைக் கண்டுகொள்வது ஒன்று. கண்டபின் அதற்கு இடங்கொடுப்பது மற்றொன்று.

முதலாவதைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் டெர்மன் என்னும் மனநூற் பேராசிரியர் 1921-ல் மேதைக் குழந்தைகளைத் தேடி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஆசிரியர்கள் பொறுக்கி அனுப்பிய பிள்ளைகளுக்குப் புத்திப் பரீட்சை வைத்து, சுமார் ஆயிரத்தைந்நூறு பேரைச் சேர்த்தார். அந்தப் பரீட்சையில் எட்டாமல் விலக்கப்பட்ட ஷாக்லி, ஆல்வரெஸ் என்னும் இரு சிறுவர்கள், பிற்காலத்தில் பௌதிக சாஸ்திரத்தில் நோபல் பரிசு பெற்றார்கள்!

அண்மைக் கால அனுபவம் ஒன்று இன்னும் தெளிவாகப் பேசுகிறது. புளோரிடா மாகாணத்துப் பிரோவர்டு ஜில்லாவில், ஆசிரியரோ பெற்றோரோ சிபாரிசு செய்த பிள்ளைகளையே முன்பு சோதித்து வந்தார்கள். 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். விளைவு என்ன? ஏழைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் முன்னிலும் மிக அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கார்டு, ஜூலியானோ என்னும் பொருளாதார நிபுணர்கள் 2016-ல் இதை வெளியிட்டார்கள். அக்குழந்தைகளின் புத்தி அந்த வருஷத்தில் புதிதாக முளைக்கவில்லை. பார்க்கும் முறைதான் மாறிற்று.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தகப்பனார் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கும், தாயார் செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலைக்கும் போகும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. வீட்டில் உருது பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, வீட்டிலே முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளை ஆகிய எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்காகச் சிபாரிசு செய்ய யார் வருவார்கள்? அழகிய கையெழுத்தும், அடக்கமும், ஒப்புவிக்கும் ஞாபகசக்தியும் எளிதில் கண்ணில் படும். ஓயாது கேள்வி கேட்பவனும், பாடம் சலித்து ஜன்னலைப் பார்ப்பவனும், விடையைச் சரியாகச் சொல்லி வழியை எழுதத் தெரியாதவளும் 'அடங்காதவர்கள்' என்ற பெயரையே வாங்குகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென மத்திய சர்க்கார் 2008-ல் ஏற்படுத்திய வருவாய் வழி உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. மனத்திறனையும் பாட அறிவையும் சோதிக்கும் அத்தேர்வில் தேறும் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தகுதியுள்ள பிள்ளைகள் எல்லோரையும் அத்தேர்வுக்கு உட்கார வைக்க வேண்டும். 'இவன் தேறுவான், அவள் தேறமாட்டாள்' என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இனி, கண்டபின் செய்ய வேண்டியது. ஐந்து கணக்கை விரைவில் முடித்த பையனுக்கு அதே ஜாதிக் கணக்கு இன்னும் பத்துக் கொடுப்பது தண்டனையாகுமே தவிரப் போதனையாகாது. அவனுக்கு வேண்டியது ஆழம். அதற்குரிய பொருள் இவ்வூர்களில் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஆனால் ஆட்டுத் தோலுக்கு நேரான விளிம்பே கிடையாது. அதன் பரப்பை எப்படி அளப்பது என்று வகுப்பிலே கேட்டுப் பாருங்கள். சிலர் சூத்திரம் எங்கே என்று தேடுவார்கள். ஒருத்தி கட்டம் போட்ட தாளின்மேல் விரித்துக் கட்டங்களை எண்ணலாம் என்பாள். இன்னொருவன், அதே வடிவத்தில் அட்டையை வெட்டி நிறுத்து, ஒரு சதுர அடி அட்டையின் எடையோடு ஒப்பிடலாம் என்று சொல்லக்கூடும். மார்க்குப் பட்டியலில் கடைசியில் இருக்கும் பையனே அதைச் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இவ்விதக் கேள்வி கற்பிக்கவும் செய்கிறது. உள்ளே இருப்பதைக் காட்டியும் கொடுக்கிறது.

ஒரு பாடத்தில் சிகரமாயும் மற்றொன்றில் பள்ளமாயும் இருக்கும் பிள்ளையைப் பள்ளத்தைக் காட்டியே தள்ளிவிடாமல், சிகரத்தில் ஏறவிட்டு, பள்ளத்தை மெதுவாக நிரப்ப உதவுவது பள்ளிக்கூடத்தின் கடமை. படித்த குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. உங்கள் பிள்ளை படித்து முடித்த புத்தகத்தை எதிர்வீட்டுத் தொழிலாளியின் பெண்ணுக்குக் கொடுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப அவள் தாயாருக்கு ஒரு மணி நேரம் துணை செய்யுங்கள். ராதாகிருஷ்ணன் தத்துவ சாஸ்திரம் பயிலத் தொடங்கியதும், உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த புத்தகங்களைக் கொடுத்ததனால்தான் அல்லவா?