ராத்திரி மூணு மணிக்கு யார் முழிச்சிருக்கா?

ராத்திரி 2.50. விடிஞ்சா இன்டர்னல் எக்ஸாம். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' புக்கைத் தலைக்கு வெச்சுக்கிட்டு அக்கா வீட்டு ஹாலில் படுத்திருக்கேன். பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கிட்டிருந்த அக்காவோட போன் 'டொய்ங்... டொய்ங்...'னு கத்துது. அர்த்த ராத்திரியில் யாருப்பா அதுன்னு எட்டிப் பார்த்தால், ஸ்க்ரீனில் ஒரு மெசேஜ்.

'பச்சைக் கலர்ல போயிருக்கான். யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?'

அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் வரிசையாகப் பதில்கள். 'எத்தனை தடவை?', 'காய்ச்சல் இருக்கா?', 'பால் குடிக்கிறானா?', 'நீ முதல்ல உட்காரு, தண்ணி குடி!'

காலையில் அக்காகிட்ட கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அதுதான்டா எங்க 'ராக்கோழிகள்' குரூப்! படிச்சுப் பாரு. ஆனா, யார் பேரும் வெளியில வரக் கூடாது"ன்னு போனை என் கையிலேயே கொடுத்துட்டா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் கொடுத்தாளாம். படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் போச்சு!

ஏழு பேர்... நாலு நாடு!

மொத்தம் ஏழு பேர். சென்னையில் அக்கா, அப்புறம் சிவகாசி, கோவை, நாகர்கோவில், துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி. கர்ப்பமாக இருந்தப்போ ஏதோ ஒரு பெரிய வாட்ஸ்அப் குரூப்பில் அறிமுகமாகி, அங்கே 'குட்மார்னிங்' பூக்கள் தொல்லை தாங்காமல் தனியா பிரிஞ்சு வந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் இன்னிவரைக்கும் நேரில் பார்த்ததே கிடையாது!

இதில் ஒரு சூப்பர் டெக்னிக் இருக்கு பாஸ். நமக்கு ராத்திரி 3 மணின்னா சிங்கப்பூரில் காலை 5.30. துபாயில் 1.30. கோடைக்காலமா இருந்தா நியூஜெர்சியில் முந்தின நாள் சாயங்காலம் 5.30. ஆக, எப்பவும் யாராவது ஒருத்தர் முழிச்சிருப்பாங்க. நம்ம பாஷையில் சொன்னால், டவுனே ஆகாத சர்வர்!

அப்படி என்னதான் பேசுவாங்க? எல்லாமே! மாவு புளிக்கலை, கரன்ட் போச்சு, தங்கம் விலை ஏறிடுச்சு, மாமியார் முகம் தூக்கி வெச்சிருக்காங்க, ஆபீஸில் லீவு கேட்டால் மேனேஜர் முறைக்கிறார்... இதுக்கு நடுவில்தான் குழந்தை வளர்ப்பு.

பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு சேனை வைக்கணும்னு வீட்டுப் பெரியவங்க நிற்க, அதை எப்படித் தடுக்கிறதுன்னே ஒரு நாள் முழுக்க மாநாடு. ஒரு வயசுக்குள்ளே தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா பச்சைக் குழந்தையோட நரம்புகளையே பாதிக்கலாம்னு டாக்டர்கள் சொல்றாங்க. 'டாக்டர் திட்டுவார்னு பழியை அவர் மேல போடு. பெரியவங்க மனசும் நோகாது!' இது சிவகாசி அக்காவோட ஐடியா. செம!

ஒரு ஃபார்வேர்டு வந்த நாள்...

ஒருநாள் நாகர்கோவில் அக்கா ஒரு மெசேஜை ஃபார்வேர்டு பண்றாங்க. 'குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டது. உஷார்!' கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதைப் படிச்சால் அடிவயிறு கலங்காதா? ரெண்டு பேர் உடனே கதவைப் பூட்டிட்டாங்க.

டீச்சர் வேலை பார்க்கிற கோவை அக்கா மட்டும் மூணே கேள்வி கேட்டாங்க. 'எந்த ஊர்? எந்தத் தேதி? எந்த ஸ்டேஷன்ல கேஸ்?' ஒண்ணுக்கும் பதில் இல்லை.

அப்புறம் அவங்க ஞாபகப்படுத்தினது 2018 மே மாசம் நடந்ததை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம். அதில் இருந்த வயசான அம்மா வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்காங்க. 'பிள்ளை பிடிக்கிறவங்க'ன்னு நினைச்சு ஊரே கூடி அடிச்சதில் அந்த அம்மா செத்தே போயிட்டாங்க. அப்போ தமிழ்நாடு முழுக்க சுத்திக்கிட்டு இருந்ததும் இதே மாதிரி வதந்திதான். நாட்டில் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகு, அதே வருஷம் ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல் ஃபார்வேர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அன்னியிலேர்ந்து ராக்கோழிகளுக்கு ரெண்டு சட்டம். ஊர், தேதி இல்லாத செய்திக்கு இங்கே இடமில்லை. மருந்து அளவை யாரும் சொல்லக் கூடாது. அதுக்கு டாக்டர் இருக்கார்.

"நீ எப்படி இருக்கே?"

இனி நான் சொல்லப்போறது கொஞ்சம் சீரியஸ். அக்கா எழுதச் சொன்னதால்தான் எழுதுறேன்.

அப்போ குட்டிப் பயலுக்கு நாலு மாசம். அம்மா வீட்டிலிருந்து அக்கா சென்னைக்குத் திரும்பி ஒரு மாசம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குரூப்பில் அவ எழுதியிருக்கா: 'எனக்கு எதுவுமே பிடிக்கலை. இவன் அழுதாலும் தூக்கத் தோணலை. நான் நல்ல அம்மா இல்லையோ?'

'எல்லாம் சரியாப் போயிடும்'னு யாரும் சொல்லலை. 'எப்போ கடைசியாத் தூங்கினே? சாப்பிட்டியா? எத்தனை நாளா இப்படி இருக்கு?'ன்னு கேட்டிருக்காங்க. மூணு வாரத்துக்கு மேலன்னு தெரிஞ்சதும், அவசரத்துக்குன்னு எல்லாரும் கொடுத்து வெச்சிருக்கிற வீட்டு நம்பரில் துபாய் அக்கா நேரா மாமாவுக்கே போன் பண்ணிட்டாங்க. மறுநாள் மாமா லீவு போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

பிரசவம் ஆனதும் சில நாள் காரணமில்லாமல் அழுகை வர்றது சகஜம். ரெண்டு வாரம் தாண்டியும் அது போகலைன்னா, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்தே ஆகணும். குணமாக்கக் கூடியதுதான். உடனே யார்கிட்டயாவது பேசணும்னு தோணினால், மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு 24 மணி நேரமும் பேசலாம். காசு கிடையாது.

அக்கா இப்போ நல்லா இருக்கா. எனக்குத்தான் மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. அந்த மெசேஜோட தேதியைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். அவகிட்டேயிருந்து பத்தடி தூரத்தில், சோபாவில் கால் நீட்டி கிரிக்கெட் பார்த்துக்கிட்டு! வந்ததும் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாப்ள எப்படி இருக்கான்?" அம்மாவும் போனில் அதைத்தான் கேட்டாங்க. பார்க்க வந்த சொந்தக்காரங்களும் அதையேதான் கேட்டாங்க.

குழந்தையைப் பத்தி ஊரே விசாரிச்சது. அக்காவைப் பத்தி விசாரிச்சது, அவ முகத்தையே நேரில் பார்க்காத ஆறு பேர்!

'எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கா'ன்னு அவளை நானே எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். நம்ம வீட்டிலும் ஒரு அக்கா, அண்ணி, சித்தி பச்சைக் குழந்தையோட இருப்பாங்க. அடுத்த தடவை போகும்போது பொம்மை வாங்கிட்டுப் போங்க, தப்பில்லை. ஆனா, குழந்தையைக் கொஞ்சுறதுக்கு முன்னாடி அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேளுங்க. முடிஞ்சால் ரெண்டு மணி நேரம் குழந்தையை வாங்கி வெச்சுக்கிட்டு, அவங்களைத் தூங்க விடுங்க.

போன வாரம் ஹாஸ்டலில் அசைன்மென்ட் எழுதிக்கிட்டிருந்தேன். மணி 2.40. சும்மா அக்காவுக்குத் தட்டினேன்.

'முழிச்சிருக்கியாக்கா? சாப்பிட்டியா?'

பத்து செகண்டில் பதில் வந்தது.

'சாப்பிட்டேன்டா. நீ?'